புளியமரத்துக்கு வந்த ஆத்தா

தாழையூருணிக் கண்மாய்க் கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரமும் கொடிமரமுமாக நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட ஒற்றை அறை, பின்னால் ஓர் அடுப்படி, முன்னால் கொஞ்சம் மண்தரை, அவ்வளவுதான். அதில் இருந்தவர் சிகப்பியம்மா. வயது நாற்பதை ஒட்டி இருக்கும். அவருக்குச் சீடர் மாசிலாமணி. இவருக்கோ அறுபது நெருங்கித் தலை முழுக்க நரைத்துவிட்டது. குரு சீடரை "அண்ணே" என்பார். சீடர் குருவை "அம்மா" என்பார். புதிதாக வருகிறவர்கள் நரையைப் பார்த்துவிட்டு மாசிலாமணியின் காலில் விழப் போவார்கள். அவர் பதறிப்போய் உள்ளே கையைக் காட்டுவார்.

மாசிலாமணி முன்பு மைக் செட் வைத்திருந்தவர். அந்த வட்டாரத்தில் காதுகுத்தோ கல்யாணமோ கோயில் கொடையோ, அவருடைய ஒலிபெருக்கிக் குழாய்தான் மரத்தில் ஏறும். வருஷக்கணக்கில் ஊரை அலறவிட்டதில் கடைசியில் அவர் காதுக்குள்ளேயே ஓர் இரைச்சல் வந்து குடியேறிவிட்டது. எந்த வைத்தியத்துக்கும் அது அடங்கவில்லை. செட்டைச் சன்னாசி என்பவனிடம் தள்ளிவிட்டு, கொஞ்சம் நிம்மதி கிடைக்குமா என்று மடத்துக்கு வந்தவர் அப்படியே தங்கிவிட்டார்.

நிம்மதி மடத்தில் கிடைத்ததோ என்னவோ, புளியமரத்தில் கிடைத்தது. மடத்துக்கும் ஊருக்கும் நடுவில் நின்ற கிழட்டு மரம் அது. மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் மஞ்சள்மூக்கு நாரைகள் எங்கிருந்தோ வந்து அதில் இறங்கும். கொப்புக்குக் கொப்பு கூடு கட்டும். தை மாசத்தில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கரகரவென்று கத்தும். மாசிலாமணி கரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரம் மட்டும் காதிரைச்சல் இருக்கிற இடம் தெரியாது. மனுஷனுக்கு அந்த மரத்தின் மேல் அப்படி ஓர் உயிர்.

அந்த மரத்தை வெட்ட ஊர் முடிவு செய்துவிட்டது.

ஊரைக் குறை சொல்லவும் முடியாது. எத்தனையோ மனுக் கொடுத்து அப்போதுதான் பஸ் வரப்போகிறது. வருகிற பஸ் திரும்ப இடம் வேண்டும். திரும்புகிற இடத்தில் மரம் நிற்கிறது. மரத்தடியில் நடந்தால் தலையில் எச்சம், சட்டையில் எச்சம், மேலேயிருந்து விழுந்து அழுகிய மீன் நாற்றம் வேறு. யார் அந்த மரத்துக்காகப் பேசுவார்கள்?

மாசிலாமணி மூச்சு வாங்க மடத்துக்கு வந்தார்.

"அம்மா, மரத்தை வெட்டப் போறாங்களாம். கூடெல்லாம் முட்டையும் குஞ்சுமாக் கெடக்கு. இப்ப வெட்டினா அத்தனையும் போயிரும். எப்படிக் காப்பாத்துறது?"

சிகப்பியம்மா உள்ளே போய் ஒரு விளக்குமாறும் கூடையும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இருளாயி வீட்டு வாசலைக் கூட்டிட்டு வாங்கண்ணே."

இருளாயி வீடு அந்த மரத்துக்கு நேர் கீழே இருந்தது. மரத்தை வெட்டச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் முதலில் வாய் திறந்தவளும் அவள்தான்.

"அம்மா, நான் மரத்தைப் பத்திக் கேட்டேன்."

"நானும் மரத்தைப் பத்தித்தான் சொல்றேன்."

மாசிலாமணி போனார். எச்சத்தைச் சுரண்டினார், கழுவினார், மீன்முள்ளைப் பொறுக்கினார். இருளாயி வாசலில் நின்று, "எந்தக் கொடுப்பினையோ, எனக்குப் பிள்ளை இல்லாட்டியும் வாசல் பூரா பீ அள்ளுற வேலை மட்டும் இருக்கு" என்று சலித்துக்கொண்டாள். கல்யாணம் ஆகிப் பல வருஷம் ஆகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. ஊரில் அவள் காதுபடவே பேசுவார்கள்.

மறுநாளும் கூட்டினார். அன்றைக்கு இருளாயி, "அந்தக் கூடையை இங்க குடுங்க, கத்திரிச் செடிக்குப் போடுறேன்" என்று வாங்கிக்கொண்டாள். அடுத்த நாள் அவர் போவதற்குள் அவளே பாதி வாசலைக் கூட்டியிருந்தாள். மாசிலாமணிக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. மெஷின் ரம்பக்காரனுக்குச் சொல்லி விட்டாயிற்று என்ற சேதிதான் காதில் விழுந்தது. அவன் நாளைக்கு வந்துவிடுவான், நான் இங்கே எச்சம் அள்ளிக்கொண்டு நிற்கிறேனே என்று விளக்குமாற்றைத் தூக்கிப் போட்டார். அம்மாவுக்கு ஊர் நடப்பு தெரியவில்லை என்று முதல்தடவையாக நினைத்தார். குருவை விடத் தனக்குத்தான் விவரம் தெரியும் என்று சீடனுக்குத் தோன்றுகிற நாள் இருக்கிறதே, அது பொல்லாத நாள்.

உச்சி வெயிலில் ஊரே கண்ணயர்ந்த நேரம். மாசிலாமணி மடத்து அடுப்படிக்குள் நுழைந்து அம்மிக் குழவியைத் தூக்கினார். மஞ்சளைக் குழைத்துப் பூசினார். குங்குமம் அப்பினார். சிவப்புத் துணி ஒன்றைச் சுற்றினார். புளியமரத்தடியில் வேருக்கு நடுவில் குழி பறித்து, குழவியைப் பாதி மண்ணுக்குள் பதித்து, வேப்பிலையைக் குத்திவிட்டு வந்தார். பிறகு வெயில் தாழ்ந்ததும் ஊர்ப் பெரியவர் சாத்தையா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"கண்ணசந்தேன் சாத்தையா. ஆத்தா வந்தா. 'புளியமரத்தடியில ஒக்காந்துட்டேன், என் தலைக்கு மேல எவனும் கை வைக்கக் கூடாது'ன்னு சொன்னா."

சாத்தையா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். ஊர் முழுக்க மரத்தடிக்கு ஓடியது. வேருக்கு நடுவில் மஞ்சளும் குங்குமமுமாக ஆத்தா உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வந்த ரம்பக்காரன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு கும்பிடு போட்டான், வந்த வண்டியிலேயே திரும்பிப் போனான். பஸ் களத்துமேட்டில் திரும்பட்டும் என்று சாத்தையா சொன்னார். அவ்வளவு நாள் யாருக்கும் நினைவுக்கு வராத களத்துமேடு அன்றைக்கு எல்லாருக்கும் நினைவுக்கு வந்துவிட்டது.

மாசிலாமணி மடத்துக்குத் திரும்பியபோது தரையில் கால் பாவவில்லை. சிகப்பியம்மா அம்மியின் முன்னால் உட்கார்ந்து, கண்மாயில் கிடந்த ஒரு கூழாங்கல்லை வைத்து மிளகாயை நசுக்கிக்கொண்டிருந்தார். மிளகாய் நசுங்காமல் வழுக்கி ஓடியது.

"குழவியைக் காணோம்ணே."

மாசிலாமணி தலையைச் சொறிந்தார். மறைக்கத் தெரியவில்லை, சொல்லிவிட்டார். சொல்லச் சொல்லக் குரலில் பெருமை ஏறியது. மரம் தப்பித்துவிட்டது அல்லவா?

சிகப்பியம்மா கேட்டார்: "ஆத்தாவுக்கு என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாம்மா. மரம் இருந்தாப் போதும்."

"அதை ஊர்ல சொன்னீங்களா?"

"ஒண்ணுமே கேக்காத சாமியை எவன்மா மதிப்பான்?"

சிகப்பியம்மா குனிந்தார். ஓடின மிளகாயைப் பொறுக்கி அம்மியில் வைத்தார்.

முதல் வெள்ளிக்கிழமை யாரோ ஒரு விளக்கு ஏற்றினார்கள். அடுத்த வெள்ளிக்குச் சூடம் வந்தது. தாழ்ந்த கொப்பில் ஒரு மணி தொங்கியது. காணாமல் போன ஆடு ஒன்று ஆத்தாவை வேண்டிக்கொண்ட அன்றே திரும்பி வந்ததாம். சேதி பக்கத்து ஊர்களுக்குப் பரவியது. மரத்தடியில் பொங்கப் பானை ஏறியது. புகை கொப்புக்குள் நுழைந்து கூடுகளைச் சூழ்ந்துகொண்டு நின்றது. நாரைகள் உள் கொப்பிலிருந்து வெளிக் கொப்புக்கு நகர்ந்தன. மாசிலாமணி அதைப் பார்த்தார். பழகிக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இத்தனை பேர் கும்பிடுகிற மரத்தை இனி எவன் வெட்டுவான் என்ற நினைப்பு அவருக்கு இனித்தது.

பிறகு தொட்டில் வந்தது. பிள்ளை இல்லாதவர்கள் சேலைத் துணியைக் கிழித்துச் சின்னத் தொட்டிலாக முடிந்து, பிள்ளைக்குப் பதிலாக அதற்குள் ஒரு கல்லை வைத்து, சாமி மரத்தில் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். பிள்ளை பிறந்ததும் வந்து அவிழ்ப்பார்கள். முதலில் கைக்கெட்டுகிற கொப்பில் ஒன்று ஆடியது. கொஞ்ச நாளில் நாலாபக்கமும் ஆடின. உயரக் கட்டினால் சீக்கிரம் பலிக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லி வைத்தான்.

தை மாதத்துக் கடைசி வெள்ளி. ஆத்தாவுக்குப் பெரிய பூசை என்று ஊர் ஏற்பாடு செய்திருந்தது. மாசிலாமணி மடத்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அப்போது புளியமரத்துப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங்."

சன்னாசியின் குரல். அது வந்த குழாயின் கம்மிய தொனி மாசிலாமணிக்கு நன்றாகத் தெரியும். அது அவருடைய பழைய குழாய். கையிலிருந்த செம்பு நழுவியது. "வேண்டாம்டா" என்று அவர் வாய்க்குள் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு வெடித்தது.

மரம் முழுவதும் ஒரே வீச்சில் வெள்ளையாக மேலே எழுந்தது. அத்தனை நாரையும் கூட்டை விட்டுக் கிளம்பிவிட்டன.

மாசிலாமணி ஓடினார். வேட்டி தடுக்கி விழுந்து எழுந்து ஓடினார்.

மரத்தடியில் திருவிழாக் கூட்டம். குலவைச் சத்தம். மரத்தின் மேலே ஆண்கள், ஆளுக்கொரு தொட்டிலைப் பல்லில் கடித்துக்கொண்டு, உயரக் கொப்பைத் தேடி ஏறிக்கொண்டிருந்தார்கள். வழியில் இருந்த கூடுகளைப் புறங்கையால் தள்ளினார்கள். சுள்ளி மழையாகக் கொட்டியது. சுள்ளியோடு குஞ்சும் விழுந்தது. வெறும் மயிர்ப்பஞ்சாக விழுந்த குஞ்சுகள் தரையில் பட்டு, ஒரு தடவை சிறகு விரிப்பதுபோல் அசைந்து, அடங்கிப்போயின. மேலே தப்பித்த கூடுகளில் காக்கைகள் இறங்கி முட்டையை உடைத்துக் குடித்தன. ஒரு காக்கை குஞ்சின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பாட்டுச் சத்தத்தில் குஞ்சு கத்தியதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. கீழே இருந்தவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறந்தவர்கள் ஆத்தாவைப் பார்த்தார்கள். காலுக்கடியில் என்ன மிதிபடுகிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

மாசிலாமணிக்கு உடம்பு கல்லாகிவிட்டது. இந்தக் கண்ணாலா இதைப் பார்க்கிறேன் என்று நின்றார்.  ரம்பக்காரன் வெட்டியிருந்தால்கூட மரம் ஒரேயடியாய்ச் சாய்ந்திருக்கும். இது அவர் கையால் அவரே வைத்த காவல் செய்த வேலை.

அடுத்த நொடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனார். பாட்டு நின்றது. அவர் எந்த ஒயரைப் பிடுங்கினால் என்ன நிற்கும் என்று அறிந்தவர். மைக்கை எடுத்தார்.

"இது ஆத்தா இல்லை. மடத்து அம்மிக் குழவி. நான்தான் கொண்டாந்து பொதைச்சேன். கனவும் இல்லை, ஒண்ணும் இல்லை. மரத்தை வெட்டாம இருக்கணும்னு பொய் சொன்னேன். எல்லாரும் எறங்குங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன், எறங்குங்க."

 மேலே நாரைகள் சுற்றிச் சுற்றி வந்தன. கூட்டத்தில் ஒருத்திக்கு அழுகை வந்துவிட்டது.

சாத்தையா மெல்ல நடந்து வந்தார். கோபப்படவில்லை. மாசிலாமணியின் தோளில் கை வைத்தார்.

"எந்தச் சாமி தானா நடந்து வந்துச்சு மாசிலாமணி? எல்லாக் கல்லையும் யாரோ ஒருத்தர்தான் கொண்டாந்து வெச்சாக. உங்க கையால வந்து ஒக்காரணும்னு அவ நினைச்சிருக்கா. உங்களுக்கே அது தெரியல. மனசைப் போட்டு அலட்டிக்காதீக."

"சாத்தையா, நான் சொல்றேன்ல, அது குழவி. அடியில மிளகாய் காரம்கூட போயிருக்காது."

"இருக்கட்டுமே. காரமான ஆத்தாதான்."

கூட்டத்தில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொய்யை ஒரே நாளில் நம்பிய ஊர், உண்மையை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. மாசிலாமணி எல்லார் முகத்தையும் பார்த்தார். அப்போதுதான் இருளாயி அவர் முன்னால் வந்து நின்றாள். குளித்து, தலை ஈரம் காயாமல், கையில் மஞ்சள் துணித் தொட்டில். அவள் வீட்டுக்காரன் மரத்தின் மேல் கயிற்றை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்ப எனக்குப் பிள்ளை பொறக்காதுங்கிறீங்களா?"

மாசிலாமணி மைக்கை முகத்திலிருந்து இறக்கினார்.

"நான் அப்படிச் சொல்லலைத்தா."

"வேற எப்படிச் சொன்னீங்க? தரையில சோறு போட்டுத் தின்னு வெரதம் இருந்தேன். கல்யாணச் சேலையைக் கிழிச்சு இதைத் தெச்சேன். இப்ப வந்து குழவிங்கிறீங்க. எனக்குப் பொறக்குமா பொறக்காதா, அதைச் சொல்லுங்க."

அவர் மைக்கைக் கீழே வைத்தார். பொறக்கும் என்றால் இன்னொரு பொய். பொறக்காது என்று சொல்ல அவர் யார்? ஒரு மரத்தைக் காப்பாற்றச் சொன்ன சொல் இப்படி ஒருத்தி வயிற்றில் போய் உட்கார்ந்திருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.  அப்படியே வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

சிகப்பியம்மா வந்துகொண்டிருந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் ஆத்தாவின் பக்கமும் போகவில்லை, சீடரின் பக்கமும் போகவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு குஞ்சைத் தொட்டார், விட்டார். இன்னொன்றைப் புரட்டினார், விட்டார். இப்படியே மரத்தைச் சுற்றி வந்தார். கடைசியில் சுள்ளிக் குவியலுக்கு அடியிலிருந்து ஒன்றைத் தூக்கினார். கைக்குள் அடங்குகிற வெள்ளைக் குஞ்சு. அதன் தொண்டை துடித்துக்கொண்டிருந்தது.

நேராக இருளாயியிடம் வந்தார்.

"தொட்டிலுக்குள்ள என்ன இருக்கு?"

"கல்லும்மா. பிள்ளைக்குப் பதிலா."

சிகப்பியம்மா தொட்டிலை விரித்து அந்தக் கல்லை எடுத்தார். இருளாயியின் இன்னொரு கையைப் பிடித்து அதில் கல்லை வைத்தார். பிறகு குஞ்சைத் தொட்டிலுக்குள் கிடத்தினார்.

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. வேண்டுதல் தொட்டிலில் செத்தது பிழைத்தது தெரியாத ஒரு பறவையா? ஒரு கிழவர், "அபசகுனம் தாயி" என்று முனகினார். மரத்தின் மேலிருந்த இருளாயியின் வீட்டுக்காரன், "ஏம்மா, என்ன பண்றீங்க" என்று அதட்டினான். மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார்.  இந்தப் பெண்ணின் நொந்த இடத்திலேயே அம்மா கை வைப்பார் என்று அவர் நினைக்கவில்லை. குஞ்சு வேறு, தன் பங்குக்கு, கல்யாணச் சேலைத் துணியில் பாதி செரித்த மீனைக் கக்கிவைத்தது. நாற்றம் குப்பென்று எழுந்தது.

இருளாயி நனைந்த துணியைப் பார்த்தாள்.

"நான் பிள்ளைக்கும்மா வேண்டிக்கிட்டேன். பிள்ளைக்கு."

சிகப்பியம்மா சொன்னார்: "அதுக்குப் பசிக்குது."

 ஆறுதலும் சொல்லவில்லை, நல்லது நடக்கும் என்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நின்றார்.

இருளாயி தொட்டிலை வீசி எறியப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளுடைய கை உயரவும் செய்தது. அப்போது குஞ்சு தலையைத் தூக்கியது. தூக்க முடியாமல் துவண்டது, மறுபடி தூக்கியது. வாயை அகலப் பிளந்து, அவள் விரலைக் கவ்வி இழுத்தது. விரலில் ஒன்றும் இல்லை என்று விட்டது. மறுபடி கவ்வியது.

அவள் உயர்த்திய கையை எப்போது இறக்கினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை, ஒரு கையில் தொட்டில், மறு கையில் கல்.

இந்த நேரம் பார்த்துச் சன்னாசி பிடுங்கின ஒயரைச் சொருகிவிட்டான். பாட்டு மறுபடி அலறியது. தொட்டிலுக்குள் குஞ்சு வெடவெடவென்று நடுங்கித் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

"சன்னாசி, அதை நிறுத்து" என்றாள் இருளாயி.

"அக்கா, ஊர்ப் பூசை. நான் எப்படி..."

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

கல்லை அவள் எறியவில்லை. ஆனால் கையில் கல் இருந்தது. சன்னாசி நிறுத்திவிட்டான்.

இருளாயி மேலே நிமிர்ந்தாள். வீட்டுக்காரனைப் பார்த்து, "எறங்குங்க. மீனு வேணும். அயிரையாப் பார்த்து வாங்கியாங்க" என்றாள். அவன் தொட்டில் கயிற்றுக்காக நீட்டிய கையை மடக்கிக்கொண்டு இறங்கினான். அவன் இறங்கியதைப் பார்த்து இன்னொருவன் இறங்கினான். தொட்டில் கொண்டுவந்த பெண்கள் குனிந்து தரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் அவர்கள் அதைப் பார்த்தார்கள். ஒருத்தி வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டாள். ஒருத்தி தன் பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே குமட்டினாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னால் அது பொய். உயிரோடு கிடைத்து, தொட்டிலில் வீடு போன குஞ்சுகள் மிகக் கொஞ்சம். ஒரு பெண் தேடித் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல், கல் வைத்த தொட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பூசை கெட்டுப்போனதில் சாத்தையாவுக்கு மடத்தின் மேல் வருத்தம்தான். அவர் தனியாகச் சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனார். வெயில் சாய்கிற நேரத்தில் நாரைகளில் கொஞ்சம் வந்து இறங்கின. குஞ்சு இருந்த கூட்டில் உட்கார்ந்தன. காலிக் கூட்டின் விளிம்பிலும் ஒன்றிரண்டு நின்றன, உள்ளே உள்ளே எட்டிப் பார்த்தன. மற்றவை கண்மாயைத் தாண்டிப் போய்விட்டன. அந்த வருஷம் அவை திரும்பி வரவே இல்லை.

மாசிலாமணி செத்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் குழி வெட்டிப் புதைத்தார். யாரையும் கூட்டாளி சேர்த்துக்கொள்ளவில்லை. இருளாயி வீட்டைத் தாண்டும்போது உள்ளே அவள் குரல் கேட்டது. "மெல்லத் தின்னு, மெல்ல. யாரும் பிடுங்கிக்கிட்டுப் போகல" என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

மடத்துக்கு வந்து கை கால் கழுவினார். சிகப்பியம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். மாசிலாமணி வாசற்படி ஓரமாக உட்கார்ந்தார்.  பிறகு அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"அம்மா, எனக்கு ஒண்ணு வெளங்கல."

"சொல்லுங்கண்ணே."

"நான் கல்லைக் காட்டி ஆத்தான்னேன். நீங்க குஞ்சைக் காட்டிப் பிள்ளைன்னீங்க. ரெண்டும் ஏமாத்துத்தானே? நான் செஞ்சது இப்படி ரத்தமாப் போச்சு. உங்களுதுக்கு மட்டும் அவ எப்படிக் கட்டுப்பட்டா?"

சிகப்பியம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டவர்போல இருந்தது அந்தப் பார்வை.

"நான் எங்கண்ணே பிள்ளைன்னு சொன்னேன்?"

மாசிலாமணி யோசித்தார். மரத்தடியில் நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். அம்மா அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

"பசிக்குதுன்னு சொன்னேன்" என்றார் சிகப்பியம்மா. "அதுக்குப் பசிச்சுது."